கணனி நிறுத்தமும் எஞ்சும் செயன்முறைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கணனியொன்றை நிறுத்துதல் என்பது அதற்குச் செல்லும் மின்னைத் துண்டித்தல் மட்டுமே எனக் கருதுவோர் பலர். மின்விளக்கையும் மின்விசிறியையும் பொறுத்தவரை அக்கருத்துச் சரியானதே. கணனியின் நிலை வேறானது. அது இயங்கிக்கொண்டிருக்கும் எந்நேரத்திலும் பல பத்துச் செய்நிரல்கள், சிலவேளை பல நூறு, அதனுள் ஒருங்கே நடைபெற்றுக்கொண்டிருக்கும். இவ்வாறு நடைபெறும் நிலையிலுள்ள செய்நிரல் செயன்முறை எனப்படும். இவற்றுட் பயனரின் கண்முன் திரையில் தோன்றுவன சிலவே. ஏனையவை பின்னணியில் நின்று, அஞ்சல் அனுப்புதல், அச்சுப்பொறிக்கு வரிசை வகுத்தல், வலையமைப்பைக் கண்காணித்தல், வன்தட்டில் எழுதவேண்டியவற்றை எழுதுவித்தல் முதலான பணிகளை ஆற்றிக்கொண்டிருக்கும்.

வன்தட்டு மெதுவானது, நினைவகம் விரைவானது. ஆதலின் வன்தட்டிற் சேரவேண்டிய தரவின் ஒரு பகுதி எப்பொழுதும் நினைவகத்திலே காத்திருக்கும். மின் அற்ற கணத்தில் நினைவகத்தில் உள்ளவை அழிந்துவிடும். ஒருவர் பல மணிநேரம் உழைத்து எழுதிய கட்டுரை, ஒரு வங்கியின் அன்றைய கணக்கு, ஒரு மருத்துவமனையின் நோயாளர் பதிவு ஆகிய யாவும் இவ்விடைவெளியில் அகப்படக்கூடியவை. ஆகவே நிறுத்தத்திற்கு முன் ஒவ்வொரு செயன்முறைக்கும் தன் வேலையை முடித்துக்கொள்ள வாய்ப்பளிக்கவேண்டும். திறந்த கோப்புகளை மூடுவிக்கவேண்டும். அதன்பின் கோப்புமுறைமைகளைக் கழற்றவேண்டும். ஈற்றிலேயே மின்னை அகற்றவேண்டும்.

இவ்வொழுங்கினுள் ஒரு சிக்கல் பொதிந்துள்ளது. எல்லாச் செயன்முறைகளும் முடிவுறவேண்டும். ஆயின், அவற்றை முடிவுறுத்தும் பணிக்கே சில செயன்முறைகள் உயிரோடிருத்தல் வேண்டும். நுனிக்கொப்பில் இருந்துகொண்டு அடிமரத்தைத் தறிப்பவனின் நிலையை முறைமை அடையக்கூடாதாயின், எவை முதலிற் செல்லவேண்டும், எவை இறுதிவரை எஞ்சவேண்டும் என்பதை எவரேனும் தீர்மானித்தாகவேண்டும். கடந்த அரை நூற்றாண்டிற்கு மேலாக இவ்வினாவுக்கு வழங்கப்பட்ட விடைகளை ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். இறுதிவரை எஞ்சும் உரிமை ஒரு செயன்முறையின் பெருமையாலோ பயனாலோ வருவதன்று. பிறிதொன்று அதன்மீது தங்கியிருப்பதனாலேயே வருவது. இவ்வுண்மை ஒரேயடியாக உணரப்படவில்லை. பல தவறுகளின் வழியாகப் படிப்படியாகவே கண்டறியப்பட்டது.

தொடக்க காலம்

1950களின் பெரும்பகுதியிற் கணனிகள் ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்தன. வேலைகள் தொகுதியாகக் கொடுக்கப்பட்டன. ஒன்று முடிந்தபின்னரே மற்றது தொடங்கியது. அத்தகைய சூழலில் எது எஞ்சவேண்டும் என்ற வினாவுக்கு இடமிருக்கவில்லை. நேரப்பகிர்வு முறை தோன்றியபின்னரே நிலைமை மாறியது. ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவாகி 1961 இற் செய்துகாட்டப்பட்ட முறைமை, பலர் ஒரே கணனியை ஒரே வேளையிற் பயன்படுத்த வழிவகுத்தது. 1963 இல் அந்நிறுவகத்தின் 'மாக்' செயற்றிட்டத்தினர், எவருடைய நேரடிக் கட்டளைக்கும் காத்திராது பின்னணியில் ஓயாது பணிபுரியும் செயன்முறைகளுக்கு 'டீமன்' எனப் பெயரிட்டனர். பௌதிகவியலறிஞர் மக்ஸ்வெல் தமது சிந்தனைப் பரிசோதனையொன்றிற் கற்பித்த, மூலக்கூறுகளை இடையறாது வேறுபிரிக்கும் சிறு பூதத்தின் நினைவாகவே இப்பெயர் எழுந்தது. கோப்புகளைத் தானாகவே காந்த நாடாவிற் படியெடுத்துவைத்த செய்நிரலே இவ்வகையின் முதல் எடுத்துக்காட்டெனக் கோர்பட்டோ பிற்காலத்திற் குறிப்பிட்டுள்ளார்.

1969 இற் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைத் தொடங்கினர். இன்று உலகிற் பரவலாகப் பயன்படும் லினக்ஸ் உட்படப் பல முறைமைகளுக்கு மூலமாக அமைந்தது அதுவே. யுனிக்ஸின் செயன்முறைகள் ஒரு குடிவழியைப் போன்றவை. ஒவ்வொரு செயன்முறையும் பிறிதொரு செயன்முறையிலிருந்து பிறக்கின்றது. ஒவ்வொன்றும் ஓர் இலக்கம் பெறுகின்றது. 'இனிற்' எனப்படும் முதலாம் இலக்கச் செயன்முறையே ஏனையவற்றின் மூதாதை. பெற்றோரை இழந்த செயன்முறைகளும் அதன் பொறுப்பிலேயே வந்துசேரும்.

அக்கால யுனிக்ஸில் நிறுத்தம் என்பது பெரிதும் மனிதரின் பணியாகவே இருந்தது. கணனி ஓர் அறையில் இருந்தது. அதனை இயக்குபவர் அவ்வறையில் இருந்தார். பயன்படுத்துவோர் யாவர் என்பதை அவர் அறிவார். நினைவகத்திற் காத்திருக்கும் தரவை வன்தட்டிற்கு அனுப்பும் 'சிங்க்' என்னும் கட்டளையை இட்டபின் அவர் கணனியை நிறுத்துவார். 1979 இல் வெளிவந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில், 30 செக்கனுக்கு ஒருமுறை இதே கட்டளையை இடும் 'அப்டேற்' என்ற பின்னணிச் செயன்முறையும் இருந்தது. இழப்பு நேரினும் அது அரை நிமிட உழைப்பைப் பெரிதும் விஞ்சாதிருக்க இவ்வேற்பாடு உதவியது. ஒரு பின்னணிச் செயன்முறை உயிரோடிருத்தல் பயனரின் தரவுக்குக் காப்பாக அமைந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

பொதுக் கட்டளையும் உறவுமுறையும்

செயன்முறையொன்றுக்கு வெளியிலிருந்து செய்தி சொல்ல யுனிக்ஸ் வகுத்த வழி சமிக்ஞையாகும். நிறுத்தத்தின் வரலாற்றில் மூன்று சமிக்ஞைகள் முதன்மை பெறுகின்றன. முதலாம் இலக்கச் சமிக்ஞை, தொலைபேசி இணைப்பு அறுந்ததைத் தெரிவிப்பது. பயனர் தொலைவிலிருந்து தொலைபேசிக் கம்பிவழியே கணனியுடன் இணைந்த காலத்தில், அவர் இணைப்பைத் துண்டித்ததும் அவருடைய செயன்முறைகளுக்கு இச்சமிக்ஞை சென்றது, அவை முடிவுற்றன. பதினைந்தாம் இலக்கச் சமிக்ஞை, முடித்துக்கொள்ளுமாறு விடுக்கும் வேண்டுகோள். அதனைப் பெற்ற செயன்முறை கோப்புகளை மூடலாம், செய்யவேண்டியவற்றைச் செய்யலாம், அதனைப் பொருட்படுத்தாமலும் விடலாம். ஒன்பதாம் இலக்கச் சமிக்ஞை மறுக்கவியலாதது. அதனைப் பெறும் செயன்முறைக்கு எதனையும் செய்ய அவகாசம் இல்லை.

எஞ்சும் உரிமையின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று முதலாம் இலக்கச் சமிக்ஞையைச் சார்ந்தே எழுந்தது. நீண்டநேரம் நடைபெறவேண்டிய கணிப்பொன்றைத் தொடக்கிவிட்டு வீடு செல்ல விரும்பிய பயனருக்காக 'நோஹப்' என்னும் கட்டளை ஏற்பட்டது. அதன்வழித் தொடங்கிய செயன்முறை இணைப்பு அறுந்த செய்தியைக் கேளாததாக நின்று தன் வேலையைத் தொடர்ந்தது. இங்கு உரிமையைக் கோரியவர் பயனர். முறைமை அதனை ஏற்றுக்கொண்டது. பயனரின் வெளியேற்றத்திற்கு மட்டுமே உரிய ஏற்பாடாக இருந்தமையின், முறைமை முழுவதும் நிறுத்தப்படும்போது இது பயன்தரவில்லை.

முழு நிறுத்தத்திற்கு ஏழாம் பதிப்புப் பொதுக் கட்டளையொன்றை வைத்திருந்தது. முறைமையின் தலைமைப் பயனர் மறை ஒன்று என்னும் இலக்கத்திற்குச் சமிக்ஞை அனுப்பின், அது எல்லாச் செயன்முறைகளுக்கும் சென்றது. இருவருக்கு மட்டுமே விலக்களிக்கப்பட்டது: நேரத்தைப் பங்கிடும் பூச்சிய இலக்கச் செயன்முறையும் மூதாதையாகிய முதலாம் இலக்கச் செயன்முறையும். ஏனைய அனைத்தும் அவற்றின்மீது தங்கியிருந்தமையே இவ்விலக்கின் காரணமாகும். பேர்க்கிளியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1980 இல் வெளியிட்ட நான்காம் பதிப்பில் நிறுத்தத்திற்கெனத் தனிக் கட்டளையொன்று தோன்றியது. குறித்த நேரம் நெருங்க நெருங்கப் பயனர்களுக்கு அடிக்கடி எச்சரிக்கை விடுத்தபின்னரே அது முறைமையை நிறுத்தியது. ஒரே அறையில் இராத பயனர்களுக்கும் அறிவித்தல் வேண்டும் என்ற உணர்வு இதிற் புலப்படுகின்றது.

1983 இல் ஏரீ அன்ட் ரீ நிறுவனம் வெளியிட்ட 'சிஸ்டம் ஐந்து' என்னும் யுனிக்ஸ், நிறுத்தத்தையும் தொடக்கத்தையும் படிநிலைகளாக வகுத்தது. ஒவ்வொரு படிநிலைக்கும் உரிய கட்டளைக் கோவைகள் எழுதப்பட்டன. நிறுத்தக் கோவையே ஒரு செயன்முறையாதலால், எல்லாவற்றையும் முடிவுறுத்தும் கட்டளை அதனையும் முடிவுறுத்திவிடும். இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு உறவுமுறையைச் சார்ந்தது. லினக்ஸிற்காக மிகுவெல் வான் ஸ்மூரன்பேர்க் எழுதிய முறைமையில் இடம்பெற்ற 'கில்ஓல் ஐந்து' என்னும் கட்டளை இதனைத் தெளிவாகக் காட்டும். பணிசெயல் முறைமையின் உட்கருவுக்குரிய இழைகளும், கட்டளையை இட்ட கோவையின் அமர்வைச் சேர்ந்த செயன்முறைகளும் விலக்குப்பெற்றன, மற்றனைத்தும் முடிவுறுத்தப்பட்டன. பட்டியல் எடுக்கும் வேளையிற் புதிய செயன்முறைகள் பிறந்து தப்பிவிடாதிருக்க, முதலில் யாவற்றையும் அசையாது நிறுத்திவைத்து, எண்ணி முடித்தபின்னரே சமிக்ஞை அனுப்பும் முறையும் அதிற் கையாளப்பட்டது.

இதே பெயரையொட்டி எழுந்த மயக்கமொன்றையும் இங்குக் குறிப்பிடலாம். சிஸ்டம் ஐந்து மரபில் 'கில்ஓல்' என்பது எல்லாவற்றையும் முடிவுறுத்துவது. லினக்ஸில் அதே பெயருடைய வேறொரு கட்டளை, சொல்லப்பட்ட பெயரையுடைய செயன்முறைகளை மட்டும் முடிவுறுத்துவது. ஒரு மரபிற் பழகியவர் மற்றையதில் அதனை இட்டால், ஒரு செயன்முறையை நிறுத்தப்போய் முறைமையையே வீழ்த்திவிடுவார். தீர்ப்பு முழுவதையும் ஒரு சொல்லிற் பொதிந்துவைத்தலின் இடர் இதனாற் பெறப்படும்.

தாங்குவனவற்றின் சிக்கல்

உறவுமுறை சார்ந்த இவ்விதி ஓர் எடுகோளின்மீது நின்றது. கோப்புமுறைமை உட்கருவின் பகுதி. பின்னணிச் செயன்முறைகள் அதனைப் பயன்படுத்துவோர் மட்டுமே. ஆகையால் செயன்முறைகளை முதலில் முடிவுறுத்திப் பின்னர் கோப்புமுறைமையைக் கழற்றலாம் என்பதே அவ்வெடுகோள். திறந்த கோப்புகளைக் கொண்ட கோப்புமுறைமையை இயல்பாகக் கழற்ற இயலாதாகையால் இவ்வரிசை இன்றியமையாததாகவும் இருந்தது. ஆயின், காலப்போக்கில் இவ்வெடுகோள் பொய்த்தது.

முதலாவது மாற்றம் வலையமைப்பின்வழி வந்தது. 1984 இற் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய வலைக் கோப்புமுறைமை, வேறொரு கணனியிலுள்ள கோப்புகளைத் தன்னுடையவைபோற் காட்டியது. அதன் துணைப் பணிகள் சில பின்னணிச் செயன்முறைகளிடம் விடப்பட்டிருந்தன. இரண்டாவது மாற்றம் இன்னும் ஆழமானது. 2005 இல் லினக்ஸின் 2.6.14 ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்ட 'பியூஸ்' என்னும் ஏற்பாடு, கோப்புமுறைமையொன்றைச் சாதாரணச் செயன்முறையாகவே எழுத வழிசெய்தது. விண்டோஸ் வன்தட்டுகளை லினக்ஸில் எழுதவும் வாசிக்கவும் உதவிய 'என்ரிஎப்எஸ் மூன்று ஜீ' என்ற செய்நிரல் இவ்வழியில் அமைந்ததே. கோப்பைத் தாங்குவதும் இப்பொழுது ஒரு பின்னணிச் செயன்முறை. கோப்பைப் பயன்படுத்துவதும் ஒரு பின்னணிச் செயன்முறை. வெளித்தோற்றத்தில் இரண்டிற்கும் வேறுபாடில்லை.

பொதுக் கட்டளை இவ்வேறுபாட்டை அறியாது. நிறுத்தவேளையில் அது இரண்டையும் ஒருங்கே முடிவுறுத்தியது. தாங்கும் செயன்முறை முந்தி மடிந்தால், எழுதிமுடியாத தரவு போகும் இடமற்றுப் போகும். அவ்வன்தட்டு ஒழுங்காகக் கழற்றப்படாத நிலையில் விடப்படும். தாங்கும் செயன்முறையை விட்டுவைக்கலாமெனில், அதனை இனங்காண்பது எங்ஙனம் என்ற வினா எழுந்தது.

டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீடு கண்ட விடை பட்டியலாகும். அதன் நிறுத்தக் கோவை முதலிற் பதினைந்தாம் இலக்கச் சமிக்ஞையை அனுப்பும். 10 செக்கன் வரை காத்திருக்கும். எஞ்சியவற்றுக்கு ஒன்பதாம் இலக்கச் சமிக்ஞையை அனுப்பும். அதன்பின்னரே வலைக் கோப்புமுறைமைகளும், அடுத்து ஏனைய கோப்புமுறைமைகளும், ஈற்றில் மூலக் கோப்புமுறைமையும் கழற்றப்படும். விலக்குப்பெறவேண்டிய செயன்முறை தன் இலக்கத்தை இதற்கென ஒதுக்கப்பட்ட அடைவொன்றில் எழுதிவைக்கவேண்டும். நிறுத்தக் கோவை அவ்விலக்கங்களை வாசித்து, அவற்றை விட்டுவிடுமாறு 'கில்ஓல் ஐந்து' கட்டளைக்குச் சொல்லும்.

உறவுமுறையினின்று தேவைக்கு நகர்ந்தமையால் இம்முறை ஒரு முன்னேற்றமே. எனினும் அதன் குறைகளும் வெளிப்படையானவை. பட்டியல் செயன்முறையினின்றும் வேறானது. செயன்முறை மடிந்து அதன் இலக்கம் வேறொன்றுக்குக் கிடைத்திருப்பின், பட்டியல் தகாத ஒன்றைக் காக்கும். விலக்குப்பெற்ற செயன்முறை புதிய பிள்ளையைப் பெற்றிருப்பின், அதன் இலக்கம் பட்டியலில் இராது. விலக்குப்பெற்றவை தாமே கோப்புகளைத் திறந்துவைத்திருப்பின், அவை தங்கியிருக்கும் கோப்புமுறைமையைக் கழற்ற இயலாது. யாவற்றையும் அசையாது நிறுத்திவைத்து எண்ணும் பழைய முறையையும், விலக்குப் பட்டியல் கொடுக்கப்பட்டவிடத்துக் கைவிடவேண்டியதாயிற்று. தாங்கும் செயன்முறையை ஒரு கணம் உறையவைத்தாலும், அதனிடம் கோப்புக் கேட்பவை யாவும் அதனுடன் உறைந்துவிடும் அல்லவா? ஒவ்வொரு விலக்குக்கும் ஒரு விலை உண்டென்பது இதனாற் பெறப்படும் பாடமாகும்.

தன்னை இனங்காட்டும் செயன்முறை

பழைய குடிவழி முறையில் இன்னொரு குறையும் இருந்தது. பின்னணிச் செயன்முறைகள் வேண்டுமென்றே இருமுறை பிறப்பெடுத்துத் தம் பெற்றோரிடமிருந்து தம்மை அறுத்துக்கொள்வது யுனிக்ஸ் வழக்கமாகும். இவ்வாறு அறுத்துக்கொண்ட பின்னர், எந்தச் செயன்முறை எந்தப் பணியைச் சார்ந்தது என அறுதியிட்டுச் சொல்ல முடிவதில்லை. கூகிள் நிறுவனத்தில் 2006 இல் தொடங்கப்பட்டு 2008 இல் வெளிவந்த லினக்ஸின் 2.6.24 ஆம் பதிப்பில் இடம்பெற்ற கட்டுப்பாட்டுக் குழுக்கள் என்னும் ஏற்பாடு இக்குறையை நீக்கியது. ஒரு குழுவிற் பிறந்த செயன்முறை எத்தனை முறை பிறப்பெடுப்பினும் அக்குழுவினுள்ளேயே இருக்கும்.

2010 இல் லெனாட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் தொடங்கிய 'சிஸ்டம்டீ' என்னும் முறைமை இவ்வேற்பாட்டின்மீது எழுந்தது. பழைய கோவைகளுக்குப் பதிலாகச் சார்புகளை வெளிப்படையாகக் கூறும் முறையை அது மேற்கொண்டது. ஒரு பணி மற்றொன்றுக்குப் பின்னர் தொடங்கவேண்டும் எனக் கூறப்பட்டிருப்பின், நிறுத்தவேளையில் அது மற்றையதற்கு முன்னர் நிறுத்தப்படும். எது எதன்மீது தங்கியிருக்கின்றது என்பதே வரிசையைத் தீர்மானித்தது. முடித்துக்கொள்ள ஒவ்வொரு பணிக்கும் இயல்பாக 90 செக்கன் வழங்கப்பட்டது. அதன்பின்னரே வலிந்து முடிவுறுத்தல் நிகழ்ந்தது. பயனர்கள் பொறுமையிழந்து திரையை நோக்கியிருக்கும் அந்த ஒன்றரை நிமிடம், எங்கோ ஒரு செயன்முறையின் தரவு அழியாதிருக்க அளிக்கப்படும் தவணையே.

எனினும் மூலக் கோப்புமுறைமையையே தாங்கும் செயன்முறைகள் இவ்வரிசையில் அடங்கவில்லை. பல வன்தட்டுகளை ஒன்றாக இணைக்கும் தொகுதிகள் சிலவற்றில் அவற்றின் நிலைக்குறிப்புகளை எழுதும் 'எம்டிமொன்' என்னும் செயன்முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூலக் கோப்புமுறைமை கழற்றப்படும் கணம் வரை அது இருக்கவேண்டும். ஆயின், அதன் செய்நிரற் கோப்பு அதே மூலக் கோப்புமுறைமையில் இருப்பின், அது உயிரோடிருக்கும்வரை அக்கோப்புமுறைமையைக் கழற்ற இயலாது. தாங்குவதும் தாங்கப்படுவதும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும் இம்முடிச்சை எந்தப் பட்டியலாலும் அவிழ்க்க முடியாது.

சிஸ்டம்டீ இரு வழிகளை இணைத்து இதனை எதிர்கொண்டது. முதலாவது, ஓர் அடையாளம். தலைமைப் பயனரின் உரிமையுடன் நடைபெறும் செயன்முறையொன்று, தன் கட்டளைவரியின் தொடக்க எழுத்தாக, மின்னஞ்சல் முகவரிகளில் இடம்பெறும் 'அற்' குறியை இட்டுக்கொண்டால் இறுதிச் சமிக்ஞை அதனைத் தீண்டாது. பட்டியல் செயன்முறைக்கு வெளியே இருந்தது. அடையாளமோ செயன்முறையின் மேலேயே இருப்பது. செயன்முறை மடியும்போது அதுவும் மடிவதால், வேறொன்று அவ்விலக்கத்தின்வழி உரிமைபெற இடமில்லை. இரண்டாவது, திரும்பிச் செல்லும் இடம். கணனி தொடங்கும்போது, உண்மையான மூலக் கோப்புமுறைமை கிடைக்கும்வரை நினைவகத்திலே தற்காலிகக் கோப்புமுறைமையொன்று பயன்படும். நிறுத்தவேளையில் முறைமை மீண்டும் அதற்கே திரும்புமாறு செய்யப்பட்டது. தாங்கும் செயன்முறையும் அங்கிருந்தே தொடங்கப்பட்டிருப்பின், அது மூலக் கோப்புமுறைமையைப் பற்றிக்கொண்டிராது. அதனைக் கழற்றியபின் தானும் அமைதியாக விடைபெறலாம்.

இவ்வடையாளம் எவரும் விரும்பியவாறு சூடிக்கொள்ளத்தக்க சிறப்புச் சின்னமன்று என்பதை வகுத்தோர் வலியுறுத்தினர். மூலக் கோப்புமுறைமையைத் தாங்கும், தொடக்க நினைவகத்திலிருந்து பிறந்த செயன்முறைகளுக்கே அது உரியதெனக் கூறப்பட்டது. தலைமைப் பயனரின் உரிமை வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அந்நிபந்தனை இல்லையெனின், சாதாரணப் பயனர் எவரும் தம் செயன்முறைக்கு ஓர் எழுத்தை இட்டு நிறுத்தத்தையே தடைசெய்யலாம். அவ்வாறாயினும் உரிமையுடையோரின் நேர்மையை நம்பியே இம்முறை நிற்கின்றது.

யார் தீர்மானிப்பது?

இதுவரை நோக்கியவை தொழினுட்பச் சிக்கல்கள். 2016 இல் எழுந்த விவாதம், இவற்றின் அடியில் அதிகாரம் பற்றிய வினாவொன்றும் உண்டென்பதை வெளிப்படுத்தியது. அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த சிஸ்டம்டீயின் 230 ஆம் பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவருடைய எல்லாச் செயன்முறைகளையும் முடிவுறுத்துவதை இயல்பு நிலையாக்கியது. வெளியேறியவரின் செயன்முறைகள் கவனிப்பாரற்று எஞ்சிக் கணனியின் வளங்களைப் பற்றிக்கொண்டிருத்தல் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் ஊறு என்பதே இதன் நியாயம்.

இது நீண்ட காலப் பழக்கமொன்றைத் தாக்கியது. 1987 இற் பேர்லின் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒலிவர் லோமன், கார்ஸ்டன் போர்மன் ஆகியோர் எழுதிய 'ஸ்கிரீன்' என்னும் செய்நிரலும், 2007 இற் தோன்றிய 'ரீமக்ஸ்' என்னும் செய்நிரலும், பயனர் வெளியேறிய பின்னரும் அவருடைய வேலையைக் காத்துவைத்து, மறுநாள் அவர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர வழிசெய்தன. நாட்கணக்கில் நடைபெறும் கணிப்புகளைச் செய்யும் ஆய்வாளருக்கு அவை இன்றியமையாதவை. நோஹப் தந்த பழைய உரிமை ஒரு பதிப்பினாற் பறிக்கப்பட்டதாக அவர்கள் உணர்ந்ததில் வியப்பில்லை. டெபியன் முதலிய வெளியீடுகள் புதிய இயல்புநிலையை ஏற்காது பழையதையே வைத்துக்கொண்டன. பயனரின் செயன்முறைகள் அவர் வெளியேறிய பின்னும் தங்கியிருக்க முன்கூட்டியே இசைவளிக்கும் கட்டளையும் சிஸ்டம்டீயில் உண்டு. இரு தரப்பாரும் செயன்முறை எஞ்சலாம் என்பதை மறுக்கவில்லை. வெளிப்படையாகக் கேட்டுப் பெற்ற உரிமையா, கேளாமலே தொடரும் வழக்கமா என்பதிலேயே கருத்து வேறுபட்டது.

பிற மரபுகள்

மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் மரபு, திரையின்முன் ஒரு மனிதர் இருக்கின்றார் என்ற எண்ணத்தினின்று பிறந்தது. நிறுத்தவேளையில் அது ஒவ்வொரு செய்நிரலிடமும் முடித்துக்கொள்ளலாமா என வினவும். செய்நிரல் மறுக்கவும் கூடும். 2007 இற் பொதுமக்களுக்கு வெளிவந்த விஸ்டா பதிப்பு, மறுக்கும் செய்நிரல் தன் காரணத்தைச் சொற்களிற் கூற வழிசெய்து, அக்காரணத்தைப் பயனருக்குக் காட்டியது. குறுவட்டில் எழுதிக்கொண்டிருக்கின்றேன் என ஒரு செய்நிரல் கூறின், காத்திருப்பதா கைவிடுவதா என்பதைப் பயனரே முடிவுசெய்யலாம். இறுதித் தீர்ப்பை மனிதரிடமே விட்டமை இதன் சிறப்பு. மனிதர் எவரும் முன்னிராத பொறிகளில் இது பயன்படாமை இதன் எல்லை.

அப்பிள் நிறுவனம் 2009 இல் வெளியிட்ட 'ஸ்னோ லெப்பேட்' பதிப்பில் வினாவையே திருப்பிப்போட்டது. எவை எஞ்சவேண்டும் எனக் கேளாது, எவற்றை எக்கணத்திலும் எச்சரிக்கையின்றி முடிவுறுத்தலாம் எனக் கேட்டது. சேமிக்கவேண்டியது ஏதுமில்லாத வேளையிற் செய்நிரல் அவ்வாறு அறிவித்துவைக்கும். நிறுத்தவேளையில் வினவுதலோ காத்திருத்தலோ இன்றி ஒன்பதாம் இலக்கச் சமிக்ஞை அதனை முடித்துவைக்கும். எழுதவேண்டியது இருக்கும்வரை மட்டுமே அது தன் அறிவிப்பை மீட்டுக்கொள்ளும். எஞ்சும் உரிமை ஒரு செயன்முறைக்கு நிலையாகச் சொந்தமானதன்று, அது ஒரு வேளைக்குரிய தேவையே என்ற தெளிவு இதிற் காணப்படுகின்றது.

மரணத்தை ஏற்கும் அமைப்பு

2003 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் கண்டியா, ஆர்மண்டோ பொக்ஸ் ஆகிய இருவரும் இவ்விவாதத்தின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினர். மின் திடீரென அறுதல் எவ்வேளையிலும் நிகழக்கூடியது. அதனின்று மீளும் ஆற்றல் எம்முறைமைக்கும் வேண்டும். அவ்வாற்றல் இருப்பின், ஒழுங்கான நிறுத்தம் என்ற ஒன்று தனியே எதற்கு? வீழ்ச்சியே நிறுத்தமாகவும், மீட்சியே தொடக்கமாகவும் அமைய மென்பொருளை எழுதலாம் என்பது அவர்களது வாதம். 2001 இல் லினக்ஸில் இடம்பெற்ற 'எக்ஸ்ற் மூன்று' போன்ற, மாற்றங்களை முன்கூட்டியே குறிப்பேட்டில் எழுதிவைக்கும் கோப்புமுறைமைகள் இத்திசையில் ஏற்கனவே நடந்திருந்தன. எனினும் குறிப்பேடு கோப்புமுறைமையின் கட்டமைப்பைக் காக்குமேயன்றி, இன்னும் எழுதப்படாத பயனரின் சொற்களைக் காக்காது. ஆகவே இக்கொள்கை எஞ்சவேண்டியவற்றின் தொகையைக் குறைத்ததேயன்றி வினாவை ஒழிக்கவில்லை.

அண்மைக்கால மாற்றமொன்று அவ்வினாவைப் புதிய வடிவில் மீண்டும் எழுப்பியுள்ளது. 2023 இல் வெளிவந்த சிஸ்டம்டீயின் 254 ஆம் பதிப்பு, உட்கருவை நிறுத்தாது அதன் மேலுள்ள செயன்முறைகளை மட்டும் முடிவுறுத்தி மீளத்தொடங்கும் முறையை அறிமுகஞ்செய்தது. அதே ஆண்டில் வந்த 255 ஆம் பதிப்பு, குறித்ததொரு பணி இறுதிச் சமிக்ஞைக்கும் தப்பி மறுகரை சேரலாம் என அதன் அமைப்புக் கோப்பிற் கூற இடமளித்தது. சேவை இடையறாது நடைபெறவேண்டிய பொறிகளில் இது பெரும் பயன் தரும். ஆயின், எஞ்ச விரும்பும் பணி பழைய மூலக் கோப்புமுறைமையைப் பற்றிக்கொண்டிருத்தலாகாது. பழைய உலகைத் தாங்குவதற்காக எஞ்சிய எம்டிமொன்னின் நிலையும், பழைய உலகின்மீது தங்காமையால் எஞ்சும் இப்பணியின் நிலையும் ஒன்றுக்கொன்று நேரெதிரானவை. இரண்டையும் தீர்மானிக்கும் அளவுகோல் சார்பு ஒன்றேயாகும்.

முடிவுரை

இரண்டு செயன்முறைகளுக்கு மட்டும் விலக்களித்த பொதுக் கட்டளையிலிருந்து, உறவுமுறை, பட்டியல், அடையாளம், அறிவிப்பு எனத் தொடரும் இவ்வரலாறு, தீர்ப்பை நிறுத்தக் கோவையிடமிருந்து மெல்ல மெல்லச் செயன்முறைகளின் வெளிப்படையான வாக்குமூலத்திற்கு மாற்றிய வரலாறாகும். தன்னை நம்பியிருப்பவை யாவை, தான் நம்பியிருப்பவை யாவை என்பதை ஒவ்வொரு செயன்முறையும் முன்கூட்டியே உரைக்கவேண்டும். உரைத்தது மெய்யாக இருக்கவேண்டும். அவ்வாறு உரைக்காதவிடத்து எந்த விதியும் தரவைக் காக்கவில்லை என்பதை இதுவரை நோக்கிய தோல்விகள் காட்டுகின்றன.

விலக்குகள் பெருகினால் நிறுத்தமே நிகழாது. விலக்குகள் அற்றுப்போனால் பயனரின் உழைப்பு அழியும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வழி ஒடுக்கமானது. எஞ்சுகின்ற செயன்முறை தனக்காக எஞ்சுவதில்லை. இறுதியாகத் திறந்திருக்கும் கோப்பு மூடப்படும்வரை பொறுப்பேற்று நிற்பதற்காகவே எஞ்சுகின்றது. அப்பொறுப்பு முடிந்ததும் அதுவும் செல்லவேண்டும். எழுதியவரின் சொற்கள் மறுநாட் காலை வன்தட்டில் அப்படியே இருக்குமாயின், முதல்நாள் மாலை எது எஞ்சியது என்பதை அவர் அறிந்திருக்கவேண்டிய தேவையில்லை.